மருந்துக்குக் கேட்டது என்று எப்போது சொல்லலாம்? குரோன்ஸ் நோயுள்ள பிள்ளைகளும் ஆய்வும்

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அக்காவின் மகனுக்கு 12 வயது. குரோன்ஸ் நோய், அதாவது குடலில் நீண்டகால அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நோய், என்று சொல்லி ஒரு வருடமாகிறது. முதலில் ஸ்டீரொயிட், பிறகு நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் அசாதயோபிரின் குளிசை, இப்போது அழற்சியை அடக்க நாளத்தில் ஏற்றும் இன்ஃபிளிக்சிமாப் என்ற மருந்து பற்றி டொக்டர் கதைக்கிறார். இதற்கிடையில் ‘சிறுவர்களில் சிகிச்சைத் துலங்கல்’ என்று தலைப்புப் போட்ட ஆய்வு ஒன்றுக்கு இரத்தமும் மலமும், கமரா விட்டுப் பார்க்கும்போது குடலில் இருந்து சிறு துண்டும் தரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளையின் சித்தப்பா, அங்கே எந்த மருந்து எந்தப் பிள்ளைக்குச் சரிவரும் என்று முதலே டெஸ்ட் செய்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்கிறார். பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்ற பயமும் வீட்டில் இருக்கிறது. சேர்க்கலாமா என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அக்கா உள்ளுக்குள் கேட்பது, இதனால் தன் மகனுக்குப் பொருத்தமான மருந்து கிடைக்குமா என்று. அந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும்: பெரும்பாலும் நேரடியாகக் கிடைக்காது. இருந்தும் இப்படியான ஆய்வில் சேர்ப்பதை நான் ஆதரிக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்து, குழந்தை மருத்துவத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் குடல் நோயுள்ள பிள்ளைகளோடு. வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தபோது இப்படியான ஓர் ஆய்வுக்குப் பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் வேலையும் செய்தேன். ஆனால் உங்கள் பெறாமகனை நான் பார்க்கவில்லை, அவனுடைய ரிப்போர்ட்டுகளும் என்னிடம் இல்லை. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்பதில் அவனுடைய டொக்டர் சொல்வதுதான் முடிவு.

‘துலங்கல்’ என்ற சொல்லில் இருந்து தொடங்குவோம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் தூண்டலும் துலங்கலும் படித்திருப்பீர்கள். நோயாளியிடம் நாங்கள் அப்படிக் கதைப்பதில்லை. ‘காய்ச்சல் மருந்துக்குக் கேட்கேல்லை’ என்றுதான் எங்கள் அம்மாமார் சொல்வார்கள். காய்ச்சலில் அது சுலபம், தொட்டுப் பார்த்தாலே தெரியும். குரோன்ஸில் மருந்துக்குக் கேட்டதா என்று சொல்வதுதான் மிகவும் கடினமான வேலை. பிள்ளைக்கு வயிற்றுக்குத்து நின்றுவிட்டது என்பது ஒரு விடை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி இரத்தத்தில் இறங்கிவிட்டது என்பது இன்னொன்று. கமரா விட்டுப் பார்க்கையில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருந்த புண் ஆறியிருக்கிறதா என்பது வேறொன்று. பிள்ளை திரும்ப வளரத் தொடங்கிவிட்டதா என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது. இந்த நான்கும் ஒன்றாக நகரும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நான் ஏமாந்திருக்கிறேன்.

வடமராட்சிப் பக்கத்துப் பொடியன் ஒருவன், அப்போது 13 வயது. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் ‘ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர்’ என்பான். ஸ்டீரொயிட் கொடுத்ததில் முகம் உப்பி, பசி கூடி, வயிற்றோட்டமும் நின்றிருந்தது. தாயும் சந்தோசமாக இருந்தார். நானும் கொப்பியில் ‘நலம்’ என்று எழுதி அனுப்பினேன், ஒரு தரமல்ல, மூன்று தரம். நான்காவது தரம் அவனோடு தம்பியும் வந்தான். இரண்டு வயது இளையவன், அண்ணனை விட அரை விரல் உயரம். எனக்குத் திக்கென்றது. பழைய பக்கங்களைப் புரட்டினேன்: 138.5, 138.5, 139. பதினாலு மாதத்தில் அரைச் சென்ரிமீற்றர். பூப்புப் பருவத்துக்கு முன்பே ஒரு பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வளர வேண்டும். அன்றைக்கு எடுத்த மலப் பரிசோதனையில், குடல் அழற்சியைக் காட்டும் கல்புரொடெக்டின் 1,800க்கு மேல், மிக அதிகம். கமரா விட்டபோது குடல் முழுக்கப் புண். பிறகு மெதுவாக விசாரித்தேன். பாடசாலைக் கிரிக்கெட் அணியில் இருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறான். இடைவேளையில் ஒன்றும் சாப்பிடாமல் விட்டால் வயிறு குத்தாது என்று தானாகவே கண்டுபிடித்தும் வைத்திருந்தான். அவன் சொன்னதை மட்டும் வைத்து ஆய்வு செய்திருந்தால் ‘மருந்துக்குக் கேட்டது’ என்ற பத்தியில்தான் அவன் பெயர் போயிருக்கும்.

அதனால்தான் ஆய்வுக்காரர்கள் இத்தனை மாதிரி கேட்கிறார்கள். கல்புரொடெக்டின் என்பது அழற்சி உள்ள குடலுக்குள் வந்து சேரும் வெள்ளணுக்களில் இருந்து மலத்தில் கலக்கும் புரதம். குடலில் நெருப்பு எரிகிறதா என்று வெளியில் இருந்தே காட்டிக் கொடுக்கும். ஆனால் சாதாரண வயிற்றோட்டத்திலும் ஏறும், சில நோவு மருந்துகளாலும் ஏறும். ஒரு தரம் ஏறியதைப் பார்த்துப் பதறவும் கூடாது, ஒரு தரம் இறங்கியதைப் பார்த்து மருந்தை நிறுத்தவும் கூடாது. போக்கைத்தான் பார்க்க வேண்டும். 2021இல் வெளிவந்த சர்வதேச இலக்குகளில், பெரியவர்களுக்குச் சொன்ன எல்லாவற்றோடும் பிள்ளைகளுக்கு என்று வளர்ச்சி வழமைக்குத் திரும்புவதையும் ஓர் இலக்காகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பொடியனை நினைத்தால், அது எவ்வளவு சரியான முடிவு என்று எனக்குத் தெரியும்.

இனி இன்ஃபிளிக்சிமாப். இந்த மருந்துக்குப் பிள்ளைகளில் அமெரிக்க அனுமதி கிடைத்தது 2006இல். அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. 112 பிள்ளைகள். பத்தாவது வாரத்தில் 88 வீதமானவர்களுக்கு மருந்து கேட்டது என்று அதில் இருக்கிறது. இந்த 88ஐத்தான் இணையத்தில் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். ‘கேட்டது’ என்று அங்கே சொல்வது, 100 புள்ளிக்குக் கணக்கிடும் ஓர் அளவுகோலில் குறைந்தது 15 புள்ளி இறங்கி, மொத்தம் 30க்கு மேல் போகாமல் இருப்பது. வயிற்றுநோவு, மலம் போகும் தடவை, நிறை, உயரம், இரத்தம் எல்லாவற்றுக்கும் அதில் புள்ளி உண்டு. நோய் உண்மையில் அடங்கியது, அதாவது 10 புள்ளி அல்லது அதற்குக் கீழ் வந்தது, அதே பத்தாவது வாரத்தில் 59 வீதமானவர்களில்தான். அப்புறம், மருந்து கேட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 8 வாரத்துக்கு ஒரு தரமும் மறுபகுதிக்கு 12 வாரத்துக்கு ஒரு தரமும் ஏற்றினார்கள். ஒரு வருட முடிவில் முதல் பகுதியில் 56 வீதமானவர்களும் மற்றப் பகுதியில் 24 வீதமானவர்களும் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். பிள்ளைகளில் 8 வாரக் கணக்கு உறுதியானது அப்படித்தான். தவணை பிந்தக் கூடாது என்று கிளினிக்கில் தாதிமார் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இந்த ஆய்வில் நான் உறுதியாக எடுத்துக்கொள்வது இடைவெளி பற்றிய முடிவை. 88 என்ற இலக்கத்தை அவ்வளவு உறுதியாக எடுப்பதில்லை. போலி மருந்து கொடுத்த குழு ஒன்று அதில் இல்லை. குரோன்ஸ் ஏறி இறங்கும் நோய். பிள்ளையை ஆய்வில் சேர்ப்பது பெரும்பாலும் நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருந்து எதுவும் செய்யாமலே கொஞ்சம் இறங்கும் பிள்ளைகளும் உண்டு. மருந்து வேலை செய்வது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு மருந்தால், எவ்வளவு காலத்தால் என்று பிரிப்பதுதான் கடினம். கடுமையாக நோயுற்ற பிள்ளைக்குப் போலி மருந்து கொடுத்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. பிள்ளைகளில் ஆய்வு செய்பவர்கள் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, பாதி சரி. மருந்து தொடங்கிய பிறகு, அடுத்த தவணை ஏற்றுவதற்குச் சற்று முன் இரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதற்கு எதிராக உடம்பு பிறபொருளெதிரி உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அங்கே சாதாரணமாகச் செய்யப்படுகிறது. அது உண்மையிலேயே பயனுள்ளது. பிரித்தானியாவில் 1,610 பேரை, 6 வயதுப் பிள்ளைகளில் இருந்து பெரியவர்கள் வரை, பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு முதல் 14 வாரத்தில் இந்த வகை மருந்து கேட்கவில்லை. ஏன் என்று தேடியபோது முன்னுக்கு வந்து நின்ற காரணம், 14ஆவது வாரத்தில் இரத்தத்தில் மருந்து குறைவாக இருந்தது. பல பேரில் மருந்து தோற்கவில்லை, போதவில்லை. சிறு பிள்ளைகளில் இது இன்னும் கூட. 30 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையின் உடம்பு மருந்தை வேகமாகக் கழித்துவிடும், வழமையான கிலோக் கணக்கு அவர்களுக்குப் போதாமல் போகலாம். உங்கள் பெறாமகனின் நிறையை எழுதவில்லை. டொக்டரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

தொடங்குவதற்கு முன்பே பார்க்கும் மரபணுப் பரிசோதனையும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது மருந்து கேட்குமா என்று சொல்லாது, கெடுதல் செய்யுமா என்றுதான் சொல்லும். அவன் குடித்த அசாதயோபிரின் சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஐரோப்பியர்களில் இதற்கு டி.பி.எம்.டி என்ற மரபணுவைப் பார்த்துவந்தார்கள். ஆசியர்களில் அது சாதாரணமாக இருந்தும் வெள்ளணு விழுந்தது ஏன் என்று விளங்காமல் இருந்தது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் நட்15 என்ற வேறொரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். தெற்காசியர்களான எங்களுக்கும் அது பொருந்துகிறது. இந்த ஒரு விடயத்துக்காகவே எங்கள் பிள்ளைகளின் இரத்தம் ஆய்வுகளில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 2001இல் பெரிதாகப் பேசப்பட்ட நொட்2 மரபணு மாற்றங்களும் ஐரோப்பியர்களில் கண்டவை, எங்கள் ஆட்களில் அரிது. மற்றவர்களின் உடம்பில் எழுதிய கணக்கை அப்படியே எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டால் சில இடங்களில் பிழைக்கும்.

ஆக, ‘இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்துதான்’ என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்றைக்குக் கனடாவிலும் இல்லை, எங்கும் இல்லை. அதைத் தேடித்தான் ஆய்வுகள் நடக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 28 இடங்களில் 913 பிள்ளைகளை நோய் கண்டுபிடித்த நாளில் இருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வந்தது. கமரா விட்டபோது எடுத்த சிறு துண்டுகளை வைத்திருந்து, பிறகு யாருக்குக் குடல் சுருங்கியது, யாருக்குத் துளை விழுந்தது என்று தெரிந்தபின் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். குடல் சுருங்கப் போகும் பிள்ளைகளின் துண்டில், தழும்புத் திசு உண்டாக்கும் மரபணுக்கள் முதல் நாளிலேயே கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தன. இன்னொன்று: முதல் மூன்று மாதத்துக்குள் இன்ஃபிளிக்சிமாப் வகை மருந்து தொடங்கிய பிள்ளைகளில் துளை விழுவது குறைந்தது, சுருக்கம் குறையவில்லை. இதை எண்ணிப் பாருங்கள். ஒரே மருந்து, ஒரே நோய், ஒரு சிக்கலைத் தடுக்கிறது, மற்றதைத் தொடவில்லை. ‘மருந்துக்குக் கேட்டதா’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கும் அந்தச் சிறு துண்டும் பெரும்பாலும் இப்படியான ஒரு கேள்விக்காகத்தான்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அக்கா கட்டாயம் யோசித்திருப்பார். ஆறு முதல் எட்டு வாரம் வேறு சாப்பாடு ஒன்றும் இல்லாமல் முழுச்சத்துப் பானம் மட்டும் குடிக்கும் சிகிச்சை பிள்ளைகளில் ஸ்டீரொயிட் அளவுக்கு நோயை அடக்கும். வளர்ச்சியைக் கெடுக்காது என்பதால் ஐரோப்பிய வழிகாட்டிகளில் அதற்கு முன்னுரிமை. எங்கள் வீடுகளில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் குசினியில் புட்டு அவியும் வாசம், சம்பலுக்குத் தேங்காய் துருவும் சத்தம், பொடியன் மட்டும் கோப்பையில் பால்மாத் தண்ணி போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு முற்றத்தில் இருப்பான். பலர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள். 2019இல் இஸ்ரேலிலும் கனடாவிலும் நடந்த ஆய்வில், பாதிப் பானமும் தெரிந்தெடுத்த சாதாரண உணவும் கொடுத்த பிள்ளைகளில் 97 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் அதைத் தாங்கினார்கள். பானம் மட்டும் குடித்தவர்களில் அது 74 வீதம். 12ஆவது வாரத்தில் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்களும் உணவுக் குழுவில்தான் கூட. ஆனால் அந்த உணவுப் பட்டியல் கோழியும் முட்டையும் உருளைக்கிழங்கும் அப்பிளும் என்று போகிறது. எங்கள் சோற்றுக்கும் ஒடியற் கூழுக்கும் அதை எப்படி மாற்றுவது என்று யாராவது முறையாக ஆய்வு செய்ய வேண்டும். அதுவரைக்கும் ‘இதைச் சாப்பிட்டால் குரோன்ஸ் மாறும்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி மருந்தை நிறுத்தவேண்டாம். நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும்போது உடம்பு இன்ஃபிளிக்சிமாப்பை ஏற்க மறுக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. குடலில் வரும் காசநோய் பார்வைக்குக் குரோன்ஸ் போலவே இருக்கும். கமராவில் ஒரே இடம், ஒரே மாதிரிப் புண், எம்.ஆர்.ஐ ஸ்கானிலும் கிட்டத்தட்ட அதே படம். இன்ஃபிளிக்சிமாப் உள்ளே ஒளிந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடும். ஆகவே ஏற்ற முன்னர் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்வார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி போட்ட பிள்ளைகளில் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனை சில நேரம் குழப்பும், அதனால் இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். இதை அலைக்கழிப்பு என்று எடுக்காதீர்கள். ‘மருந்து கேட்கவில்லை’ என்று என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு பிள்ளைக்கு இருந்தது காசநோய்தான். நோயே வேறாக இருந்தால் மருந்து எப்படிக் கேட்கும்?

சரி, சம்மதத் தாளுக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, இது பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வா, மருந்தை மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வா என்று. முதல் வகையென்றால் அவனுடைய சிகிச்சை டொக்டர் தீர்மானித்தபடியே நடக்கும், ஆய்வுக்காரர்கள் மாதிரிகளையும் விபரங்களையும் மட்டும் எடுப்பார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த வகை போலத்தான் இருக்கிறது. இரண்டாவது வகையென்றால் யார் எந்த மருந்து பெறுவது என்று குலுக்கிப் பிரிக்கப்படலாம். அது இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். எந்த வகையானாலும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். எங்கள் மருத்துவபீடத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. குடல் துண்டு, எப்படியும் செய்ய இருக்கிற கமராப் பரிசோதனையின்போது கூடுதலாக எடுப்பதா, ஆய்வுக்காகவே இன்னொரு தரம் மயக்கி எடுப்பதா என்று கட்டாயம் கேளுங்கள். முன்னதில் மேலதிக ஆபத்து மிகச் சிறியது, நான் தயங்க மாட்டேன். பின்னதென்றால் நன்றாக யோசிப்பேன்.

தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. தமிழில் விளக்க முடியாத விடயம் என்று இதில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. 12 வயதுப் பிள்ளைக்கு விளங்கும். அவனிடமும் கேட்க வேண்டும், அவன் மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். இடையில் விலகினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பது தாளில் எழுதியிருக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால் சோதனை எலி என்ற பயத்துக்கு இடமில்லை. நானாக இருந்தால் என் பிள்ளையைச் சேர்ப்பேன். எங்கள் பிள்ளைகள் எண்ணிக்கையில் இல்லாத ஆய்வின் விடை எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியோடு நான் ஒவ்வொரு கிளினிக்கிலும் மருந்து எழுதுகிறேன்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அக்கா ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் காலையில், சப்பாத்து இல்லாமல், குதிக்கால் சுவரில் முட்ட நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாகப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டு அளக்க வேண்டும். எப்போதும் அதே சுவர், அதே ஆள். நிறையையும் எழுதுங்கள். எத்தனை தரம் மலம் போனான், இரவில் எழும்பினானா, பாடசாலை எத்தனை நாள் தவறியது, எந்தத் திகதியில் மருந்து ஏற்றியது, கல்புரொடெக்டின் எவ்வளவு. இவ்வளவும் போதும். மல மாதிரியை எடுத்தால் வெயிலில் வைத்திருக்காமல் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், நிற்காத சத்தி, வயிறு கல்லுப்போல் ஊதுவது, ஆசனவாய்ப் பக்கம் வீங்கி நோவது, இதில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவனுடைய இப்போதைய உயரமும் ஒரு வருடத்துக்கு முந்தைய உயரமும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.